கெண்டைப் போடியாருக்குத் தண்ணீர் முறை

எங்கள் விவசாய அமைப்பின் கூட்டறிக்கையை ஒன்பது வருடமாக எழுதிக்கொண்டிருப்பவள் நான். பெயர் வதனி. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், கூட்டிக் குறைக்கக் கூடாது என்று எங்கள் தலைவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் ஒரு மீன் எங்கள் வட்டையில் போடியாரான கதையையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். நம்பாதவர்கள் அமைப்பின் அலுமாரியில் இருக்கும் கோப்பைத் திறந்து பார்க்கலாம். கடைசிப் பத்துப் பக்கங்கள் தண்ணீரில் ஊறி மை கலங்கிப் போயிருக்கும். அது ஏன் என்பதும் இந்தக் கதையில் வரும்.

கரடியனாற்றுப் பக்கத்தில் விளாவோடை என்றொரு ஓடை. காட்டில் பிறந்து, எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்து, மிச்சத்தை வாவியில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தன்பாட்டில் கிடந்த ஓடை. மூன்று வருடத்துக்கு முன் கீழ்நதி நீர்த்திருப்பல் அதிகாரசபை வந்து சேர்ந்தது. ஓடைக்குக் குறுக்கே ஒரு கொங்கிறீட் கட்டு, கட்டுக்கு ஒரு இரும்புக் கதவு, கதவுக்கு ஒரு காவலறை, காவலறைக்குள் ஒரு காவலாளி, காவலாளிக்கு ஒரு மின்விசிறி. ஓடைத் தண்ணீர் புது வாய்க்காலில் ஏறி வேறு திக்குக்குப் போய்விட்டது. எங்களுக்குக் கிழமையில் இரண்டு நாள் கதவைத் திறந்து முறை வைத்துத் தருவார்கள். அதுவும் இடாப்பு என்கிற பதிவேட்டில் பெயர் உள்ள ஆட்களுக்கு மட்டும்.

வந்த தண்ணீரை வயல் வயலாகப் பங்கிடுகிறவர் கனகசிங்கத்தார், எங்கள் வட்டை விதானை. வட்டை என்றால் நானூறு ஏக்கர் வயல்வெளி. விதானை என்றால் அந்த வெளிக்குத் தண்ணீர் பாயப் பொறுப்பான மனிதர். இருபத்திரண்டு வருடமாக மண்வெட்டியும் சைக்கிளுமாக வாய்க்கால் ஓரத்தில் திரிகிறார். அவர் காலத்தில் தண்ணீர் காணாமல் ஒரு துண்டு வேளாண்மை எரிந்ததில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு நெஞ்சு ஒரு சாண் விரியும். மற்ற நேரமெல்லாம் கடுதாசியைக் கண்டால் பயப்படுகிற, களிசான் போட்ட உத்தியோகத்தர் யார் வந்தாலும் எழும்பி நிற்கிற மனிதர்.

கட்டுக் கட்டுவதற்கு முன் அதிகாரசபை அவரிடம் ஒரு படிவம் கொடுத்தது. அதில் இருபத்தேழாவது கேள்வி: 'கடைசி வட்டைக்குக் கீழே ஓடையில் நீர்ப் பாவனையாளர் எவரும் உளரா?' விதானையார் யோசித்தார். கடைசி வட்டைக்குக் கீழே வயல் இல்லை. வயல் இல்லாவிட்டால் அதை ஆள்கிற போடியாரும் இல்லை. போடியார் இல்லாத இடத்தில் யார் தண்ணீர் கேட்கப் போகிறார்கள்? 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். எங்கள் பகுதியில் எந்த விதானையைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார். சாட்சிக் கையெழுத்து வைத்தது நான்.

கடைசி வட்டைக்குக் கீழே மருதமரங்களுக்குள் ஒரு மடு இருக்கிறது, மருதடிமடு என்று பெயர். அதை நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு நினைக்கவே இல்லை.

இந்த வருடம் ஆனி மாதம், கச்சான் காற்று அனலை வாரிக்கொண்டு வீசத் தொடங்கிய கிழமை, பட்டணத்திலிருந்து ஜனின் மிஸ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பறங்கி மனுசி. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறார். மிச்ச நேரத்தில் ஓடை ஓடையாகக் குனிந்து மீன் பார்ப்பார். விதானையாரையும் என்னையும் அந்த மடுவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு காலத்தில் ஆள் தாழ்கிற மடு. இப்போது முழங்காலுக்கு மேல் தண்ணீர் இல்லை. அதற்குள் விரல் நீளத்தில் மீன்கள், ஒவ்வொன்றின் செவுளிலும் குங்குமம் வைத்த மாதிரி ஒரு சிவப்புப் பொட்டு.

"பொட்டுக்கெண்டை," என்றார் விதானையார். "சின்னனில அள்ளி அள்ளி விளையாடின மீன்."

"இப்ப அள்ள ஏலாது விதானையார். நான் பத்து வருஷமாத் தேடுறன். வேற எங்கயும் இல்ல. இந்த மடுவில மட்டும்தான் இரிக்கு. நேத்து எண்ணினன், நாப்பத்தொண்டு."

"ஏன் மிஸ் இவ்வளவு கொஞ்சம்?"

"ஓடுற தண்ணியிலதான் இது முட்டை போடும். மூண்டு வருஷமா ஓடல்லயே. கீழ தண்ணி பாவிக்கிற ஆக்கள் இல்லையெண்டு ஆரோ எழுதிக் குடுத்திரிக்கிறாங்களாம்."

விதானையார் மடுக்கரையில் குந்தினார். ஒரு கெண்டை அவருக்கு நேரே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றது.

"அந்த ஆரோ நான்தான் மிஸ்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இருவத்திரெண்டு வருஷம் ஒரு வயல எரிய விடாத மனுசன் புள்ள நான். இதுகள எரிய விட்டிட்டனே."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு படிவத்தில் எழுதிய ஒரு சொல் இப்படி வாயைத் திறந்து திறந்து மூடும் என்று யார் கண்டது? இந்த வெயிலுக்கு மடு ஐந்து கிழமைதான் தாங்கும் என்று ஜனின் மிஸ் சொன்னார். அதற்குள் தண்ணீர் வர வேண்டும்.

மறுநாளே மூன்று பேரும் அதிகாரசபைக்குப் போனோம். பணிப்பாளர் சிவதர்ஷன் நல்ல மனிதர். எங்களை இரண்டரை மணி நேரம் மட்டுமே காக்க வைத்தார். சுவர் நிறையப் பெரிய வரைபடம் ஒன்று மாட்டி வைத்திருந்தார்.

"முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும்," என்று தொடங்கினார். அவர் இரண்டு பேருக்கு முன்னால் பேசினாலும் இருநூறு பேருக்கு முன்னால் பேசுகிற தமிழில்தான் பேசுவார். "நாங்கள் ஓடையை நிறுத்திவிட்டோம் என்று சிலர் விசமப் பிரசாரம் செய்கிறார்கள். ஓடை இருக்கிறது. இதோ, வரைபடத்தில் நீல நிறத்தில் இருக்கிறது. தண்ணீரை மட்டும்தான் வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறோம்."

"ஐயா, மீன் தண்ணியிலதான் இரிக்கிற," என்றார் விதானையார், எழும்பி நின்றபடி.

"அதை நாங்கள் மறுக்கவில்லை. எமது ஆய்வறிக்கையின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அது ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. மீன்களைப் பாதுகாக்க ஐந்தாண்டுத் திட்டமும் வைத்திருக்கிறோம்."

"இதுகள் அஞ்சு கிழமைதான் தாங்கும்," என்றார் ஜனின் மிஸ்.

பணிப்பாளர் வருத்தத்துடன் தலையை ஆட்டினார். "மீன்கள் திட்டத்துக்கு ஒத்துழைக்காவிட்டால் நாங்கள் என்ன செய்வது? தண்ணீர் கொடுப்பது நீர்ப் பிரிவின் வேலை. நீர்ப் பிரிவு இடாப்பில் பெயர் உள்ளவருக்கே கொடுக்கும். மீன்களோ பாதுகாப்புப் பிரிவுக்குக் கீழே வருகின்றன. பாதுகாப்புப் பிரிவுக்குத் தண்ணீர் ஒதுக்கப்படவில்லை. பலகைதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது."

பலகை மூன்றாம் நாள் வந்தது. அதிகாரசபை இவ்வளவு வேகமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. எட்டடி உயரம், மூன்று மொழிகள், மேலே பொட்டில்லாத ஒரு மீனின் படம். நடுவதற்கு நல்ல இடம் பார்த்து மடுவுக்குள்ளேயே குழி தோண்டினார்கள். கொங்கிறீட் குழைக்கத் தண்ணீர் வேண்டுமே? மடுவிலிருந்து வாளி வாளியாக அள்ளினார்கள். பிறகு கொங்கிறீட் வெடிக்காமல் இருக்க ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் அள்ளி அள்ளி ஊற்றினார்கள். மடு ஒரு சாண் இறங்கிவிட்டது. கடைசி நாள் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி நாடா வெட்டி, "இனி இந்த மீன்களுக்குப் பயமில்லை," என்று சொல்லிவிட்டுக் கை கழுவினார். கை கழுவியதும் மடுவில்தான்.

பலகையில் இப்படி இருந்தது: 'இவ்விடத்தில் அருகிவரும் மீனினம் வாழ்கிறது. இம்மீன்களைத் தொடுதல், பிடித்தல், இடம் மாற்றல் தண்டனைக்குரிய குற்றமாகும். பதிவு இலக்கம் அமீ/மட்/07.' மீன்களைத் தன் வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றலாம் என்றிருந்த ஜனின் மிஸ், பலகையை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். சாவதற்குத் தடை இல்லை, காப்பாற்றுவதற்குத்தான் தடை.

விதானையார் நினைத்தால் யாருடைய முறையிலாவது கொஞ்சம் திருப்பி விடலாம்தான். ஆனால் ஒருவனுடைய தண்ணீரை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுக்கிற விதானை அதற்குப் பிறகு விதானை இல்லை. கடைசி வயல்காரருக்கே தண்ணீர் கணுக்காலுக்குக் காணாது. மனிதர் இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்தார். மூன்றாம் நாள் காலையில் இடாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அமைப்பு அலுவலகத்துக்கு வந்தார்.

"வதனிப் புள்ள, இதில பேர் இரிக்கிற ஆளுக்குத்தானே தண்ணி?"

"ஓம்."

"அப்ப பேர எழுது."

"ஆர்ர பேர?"

"மடு ஒண்டரை ஏக்கர் வரும். வயல் வைச்சிரிக்கிற ஆள நாங்க என்னெண்டு சொல்லுற? போடியார். மறுகா என்ன? எழுது, பொட்டுக்கெண்டைப் போடியார்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பொய் சொல்லப் பழக்கமில்லாத மனிதர். அவருக்கு இது பொய்யாகவும் தோன்றவில்லை. தண்ணீர் தேவைப்படுகிற ஆள் எவரோ அவர் இடாப்பில் இருக்க வேண்டும், விட்டது தன் பிழை, அவ்வளவுதான். கணினியில் அதிகாரசபையின் பதிவுப் படிவத்தைத் திறந்தேன். முகவரி, மருதடிமடு. தகப்பன் பெயர், கெண்டை. வதிவிடக் காலம் என்ற இடத்தில் 'பரம்பரையாக' என்று எழுதினேன். எல்லாம் ஏற்றுக்கொண்டது. அடையாள அட்டை இலக்கத்தில்தான் சிக்கிக்கொண்டது. வெறுமையாக விட்டால் சிவப்பு எழுத்தில் திட்டியது.

"பலகையில ஒரு நம்பர் கிடக்கே?" என்றார் விதானையார்.

அமீ/மட்/07 என்று அடித்தேன். கணினி ஒரு நிமிடம் சுற்றிச் சுற்றி யோசித்தது. தன் வீட்டு இலக்கம் என்று கண்டுகொண்டதோ என்னவோ, பச்சை அடையாளம் காட்டிவிட்டது.

எட்டாம் நாள் கடிதம் வந்தது. 'மதிப்புக்குரிய போடியார் அவர்கட்கு' என்று தொடங்கி, புதன்கிழமைகளில் காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை முறை ஒதுக்கப்பட்டிருப்பதாக எழுதியிருந்தார்கள். அந்தப் புதன்கிழமை நாங்கள் மூன்று பேரும் விடியவே மடுக்கரையில் நின்றோம். ஆறு இருபதுக்கு மணலுக்கு மேலே ஒரு நாக்கு மாதிரித் தண்ணீர் நீண்டு வந்தது. கதவிலிருந்து மடுவுக்குத் தண்ணீர் வர இருபது நிமிடம் என்பதை விதானையார் கடிகாரத்தில் பார்த்து மனதில் வைத்துக்கொண்டார். நாற்பத்தொரு கெண்டையும் தண்ணீர் வருகிற பக்கம் திரும்பி வரிசையில் நின்றன. ஜனின் மிஸ் சப்பாத்தோடு மடுவில் குதித்தார். நானும் குதித்தேன், பொய் சொல்லுவானேன்?

ஆனால் ஒருவர் இடாப்பில் ஏறிவிட்டால் அதிகாரசபை அவரைச் சும்மா விடாது. அடுத்த கிழமை வெளிக்கள அலுவலர் அம்ஜத் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஏறாவூர்ப் பிள்ளை, நல்ல தங்கமான பிள்ளை. முறை வாங்குகிறவர் விதைத்திருக்கிறாரா என்று பார்ப்பது அவர் வேலை. விதைக்காவிட்டால் முறை போய்விடும். மடுவைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். போடியார் எங்கே என்று கேட்டார். விதானையார் விரலால் காட்டினார். அம்ஜத் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், திரும்பவும் குனிந்தார்.

"அல்லாஹ்! விதானையார், நான் இதில என்னத்த எழுதுற?"

"கண்டத எழுதுங்க தம்பி."

"பயிர் நிலை எண்டு கேட்டிரிக்கி."

"நல்லா இரிக்கு."

"உயரம்?"

"ஒரு விரல்."

"நிறம்?"

"வெள்ளி. செவுளில சிவப்பு."

அம்ஜத் பேனாவைக் கடித்துக்கொண்டு மீன்களைப் பார்த்தார். அவருக்கும் முகம் இளகிவிட்டது. பிறகு ஒரு மூச்சில் எழுதினார்: 'பயிர் முளைத்துள்ளது. செழிப்பாக உள்ளது. காற்று இல்லாத போதும் அசைகிறது. பீடைத் தாக்கம்: ஒரு கொக்கு.' அந்த அறிக்கையை அதிகாரசபையில் நான்கு பேர் வாசித்து நான்கு பேரும் முத்திரை குத்தினார்கள். கொக்குக்கு என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று ஒரு சுற்றுநிருபமும் பின்னால் வந்தது.

இப்படியே போயிருந்தால் கதை சுகமாக முடிந்திருக்கும். ஆவணி பிறந்ததும் தங்க நிற விளிம்பு போட்ட கடிதம் ஒன்று வந்தது. ஆண்டின் சிறந்த நீர்ப் பாவனையாளராக எங்கள் போடியார் தெரிவு செய்யப்பட்டிருந்தார். காரணமும் எழுதியிருந்தார்கள்: 'எமது ஆயிரத்து முந்நூறு பாவனையாளருள் ஒரு முறைப்பாடும் செய்யாத, மகஜர் கொடுக்காத, வீதியை மறிக்காத, எமது அலுவலகத்துக்கு வந்து உரத்துப் பேசாத ஒரேயொரு பெருமகன்.' பணிப்பாளர் நேரில் வந்து, போடியாரின் சொந்த மண்ணில் வைத்தே பொன்னாடை போர்த்தப் போகிறாராம்.

விதானையாருக்கு வேர்த்து ஒழுகியது. எனக்கும்தான். ஆனால் இரண்டாம் பக்கத்தைப் படித்தபோது அந்தப் பயமெல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. மடுவின் இரண்டு கரையும் முள்ளுக்காடு. பந்தல் போட ஓடை மணல் ஒன்றுதான் வசதி. மணல் ஈரமாக இருந்தால் கதிரைக்கால் புதையும். ஆகவே, 'போடியார் அவர்களைக் கௌரவிக்கும் முகமாகப் போடியார் அவர்களின் மூன்று முறைகள் இடைநிறுத்தப்படுகின்றன.'

மூன்று புதன்கிழமை! கச்சான் இந்த வருடத்துக் கடைசி வெறியோடு வீசிக்கொண்டிருந்தது. ஜனின் மிஸ் அதிகாரசபைக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினார். போடியாருக்காக வேறு யாரும் முறையிட முடியாது, அவரே வந்து கேட்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். முதல் கிழமை மடு முழங்காலுக்கு வந்தது. இரண்டாம் கிழமை கணுக்காலுக்கு வந்தது. விழாவன்று காலை ஒரு சாப்பாட்டு மேசை அளவுதான் மிச்சம். அதற்குள் நாற்பத்தொன்றும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தன. எட்டடிப் பலகை மட்டும் கம்பீரமாக நின்றது.

மணலில் சிவப்புக் கம்பளம், இருநூறு கதிரை, பெரிய ஒலிபெருக்கி, மேசையில் பூச்சாடி, பூச்சாடிக்குப் பக்கத்தில் பதினாறு போத்தல் குடிதண்ணீர். ஐந்து போத்தலை நான் கூட்டறிக்கைக் கோப்புக்குள் மறைத்துக் கொண்டுபோய் மடுவில் ஊற்றினேன். அதை மட்டும் அறிக்கையில் எழுதவில்லை.

"இப்பொழுது," என்றார் அறிவிப்பாளர், "போடியார் அவர்களை மேடைக்கு அன்புடன் அழைக்கின்றோம்."

யாரும் எழும்பவில்லை. பணிப்பாளர் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி நின்றார். படம் எடுக்கிறவர்கள் முழங்காலில் நின்றார்கள். அப்போது விதானையார் எழும்பினார். கையில் ஒரு நீல வாளி. அதில் ஒரேயொரு கெண்டை. மீன் பிடிப்பது குற்றம், ஆனால் அழைக்கப்பட்ட போடியாரை மேடைக்குக் கூட்டி வருவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை என்று காலையில் நாங்கள் மூன்று பேரும் தீர்மானித்திருந்தோம். கடுதாசிக்குப் பயந்த அந்த மனிதர் இருநூறு பேருக்கு நடுவால் வாளியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"இவர்தான் ஐயா," என்றார்.

பணிப்பாளர் வாளிக்குள் பார்த்தார். அவர் முகம் வெளிறியது, சிவந்தது, பிறகு கமெராக்களைக் கண்டு சிரித்தது. பெரிய பதவிக்கு வருகிறவர்களிடம் இந்தத் திறமை இருக்கும். பொன்னாடையை வாளிக்குச் சுற்றினார். கைதட்டல் ஒலித்தது. பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இன்று ஒரு வரலாற்று நாள். மற்றெல்லா நாட்டிலும் மக்களுக்குத்தான் தண்ணீர் கொடுக்கிறார்கள். எமது அதிகாரசபைதான் அதையும் தாண்டிச் சென்றிருக்கிறது. எமக்கு இப்படியான பாவனையாளர்தான் தேவை. இவர் கேள்வி கேட்பதில்லை. இவருக்கு ஞாபக சக்தி குறைவு. நாம் கொடுத்தாலும் மௌனம், கொடுக்காவிட்டாலும் மௌனம். எல்லாப் பாவனையாளரும் இவரைப் போலாகிவிட்டால் எமது பணி எவ்வளவு இலகுவாகிவிடும்!" அவர் குனிந்து ஒலிவாங்கியை வாளிக்கு நீட்டினார். "போடியார் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?"

கெண்டை மேலே வந்து வாயைத் திறந்தது. ஒலிபெருக்கியில் 'ப்ளக்' என்று கேட்டது. மூடியது. திறந்தது. 'ப்ளக்.'

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் பணிப்பாளர், சபையைப் பார்த்துக் கண் சிமிட்டி.

விதானையார் குனிந்து, உண்மையாகவே காதை வாளிக்குக் கொடுத்து, நிமிர்ந்தார். "தண்ணி கேக்கிறார் ஐயா. நீங்க சொன்னமாதிரி அவரே வந்து கேக்கிறார்."

சபை கலகலத்துச் சிரித்தது. கமெராக்கள் பணிப்பாளரை நோக்கித் திரும்பின. அவரால் வேறென்ன செய்ய முடியும்? கையை மேலே உயர்த்தினார். "கேட்ட மறுகணமே கொடுப்பதுதான் எமது மரபு! அம்ஜத், காவலாளிக்குத் தொலைபேசி எடுங்கள். கதவை முழுதாகத் திறக்கச் சொல்லுங்கள். இப்போதே!"

அம்ஜத் எடுத்தார். பணிப்பாளர் உரையைத் தொடர்ந்தார்.

கதவிலிருந்து மடுவுக்குத் தண்ணீர் வர இருபது நிமிடம். பணிப்பாளரின் உரையில் இன்னும் பதினெட்டுப் பக்கம் இருந்தது. விதானையார் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் நேர்மையான மனிதர். பத்தாவது நிமிடம் மேடைக்குப் பக்கத்தில் போய், "ஐயா, கதிரையள எடுத்தா நல்லம்," என்றார். முன்வரிசை அதிகாரி ஒருவர் விரலை உதட்டில் வைத்து அவரை அடக்கினார். பதினைந்தாவது நிமிடம் திரும்பவும் போனார். பணிப்பாளர் பேசும்போது குறுக்கிடுவதென்றால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற வேண்டும் என்று அவரைப் பிடித்து இருத்திவிட்டார்கள்.

"தண்ணீர்," என்று முழங்கிக்கொண்டிருந்தார் பணிப்பாளர், "எமது அனுமதியின்றி ஒரு அடிகூட முன்னால் வராது..."

வந்தது. முதலில் கம்பளம் ஒரு மூலையால் எழும்பியது. பிறகு பின்வரிசைப் பெண்கள் கால்களைத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு முழுக் கதவுத் தண்ணீரும் நுரையும் சருகுமாகத் திமுதிமுவென்று வந்து சேர்ந்தது. இருநூறு கதிரை மிதந்தன. அதிகாரிகள் களிசானை முழங்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு முள்ளுக்காட்டுக்குள் ஏறி, முள் குத்தித் திரும்பத் தண்ணீருக்குள் இறங்கி, திரும்ப ஏறினார்கள். பூச்சாடி வாவியை நோக்கிப் புறப்பட்டது. என் கோப்பு கையிலிருந்து நழுவி, நான் நீந்திப் பிடிக்க வேண்டியதாயிற்று. பணிப்பாளர் ஒரு கதிரை மேல் ஏறி, ஒலிவாங்கி செத்த பிறகும், "பாவனையாளரின் வாசல் தேடி வரும் சேவை!" என்று கத்திக்கொண்டிருந்தார். விதானையார் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பொன்னாடையைக் கழற்றிவிட்டு, வாளியை மெல்லச் சரித்தார். போடியார் தன் வயலுக்குள் போனார். ஜனின் மிஸ் சிரித்துச் சிரித்து அழுதார்.

'கூட்டம் தண்ணீருடன் இனிதே நிறைவுற்றது' என்று நான் எழுதி முடித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்தது. போடியார் மீனா என்பதுதான் விசாரணை. குழு நாற்பது நாள் ஆராய்ந்தது. போடியார் மீன் என்றால் பணிப்பாளர் ஒரு மீனுக்கு விருது கொடுத்திருக்கிறார். பணிப்பாளர்கள் அப்படிச் செய்வதில்லை. ஆகவே முடிவு இதுதான்: 'போடியார் மீனல்லர். மடுவில் மீனும் உண்டு. இருவரும் ஒரே முகவரியில் வசிக்கின்றனர்.' புதன்கிழமைத் தண்ணீரை நிறுத்தினால் சிறந்த பாவனையாளரைத் தண்டித்ததாகிவிடும் என்பதால் அதிலும் கை வைக்கவில்லை.

அந்த நாற்பது நாளும் புதன் தவறாமல் ஓடை ஓடியது. ஒரு புதன்கிழமை ஜனின் மிஸ் மடுவைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் காட்டினார். மருதவேருக்குள் ஊசி முனை அளவில் ஒரு கூட்டம், நூறா ஆயிரமா தெரியாது, கண் மட்டும்தான் தெரிந்தது. விதானையார் தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரசபைக்கும் அந்தச் செய்தி எப்படியோ எட்டியிருக்க வேண்டும். கடைசிக் கடிதம் வந்தது. 'போடியார் அவர்களின் குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கையைச் சரியாக எண்ணி வட்டை விதானை அறியத் தருதல் வேண்டும். அதன் பின்னர் நீர் ஒதுக்கீடு மீளாய்வு செய்யப்படும். எண்ணிக்கை கிடைக்கும்வரை தற்போதைய விநியோகம் மாற்றமின்றித் தொடரும்.'

விதானையார் அந்தக் கடைசி வசனத்தை என்னை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இருபத்தேழாவது கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் எழுதிய மனிதர், இதை இன்னும் எழுதி முடிக்கவில்லை. மாதம் தவறாமல் நான் 'எண்ணப்பட்டு வருகிறது' என்று அறிவிக்கிறேன். அதில் பொய் இல்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் தண்ணீர் வந்து சேர்ந்த பிறகு அவர் மடுக்கரையில் குந்தி, விரலை நீட்டி, சத்தமாக எண்ணுவார். இருநூறு வரை சரியாகப் போகும். அப்போது எதுவோ ஒன்று குறுக்கே ஓடும்.

"சே, பிழைச்சுப் போச்சு," என்பார் சந்தோசமாக. பிறகு ஒன்றிலிருந்து தொடங்குவார்.